புதினாச் சாற்றைச் சுற்றி வளையம்: பாக்டீரியா எதிர்ப்புத் திறன் என்று எழுதலாமா?

இளநிலை மாணவி:
வணக்கம். கல்லூரி ஆய்வுத் திட்டத்திற்காகப் புதினா இலையை உலர்த்திப் பொடித்து, ஒரு பகுதியை நீரில் கொதிக்க வைத்தும் மறு பகுதியை எத்தனாலில் ஊற வைத்தும் சாறு எடுத்து, முல்லர்-ஹின்டன் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) குழியிட்டு ஊற்றிச் சோதித்தேன். நீர்ச் சாற்றுக்கு, குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையமே இல்லை. எத்தனால் சாற்றுக்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் தட்டில் தெளிவான வளையம் இருக்கிறது, ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் தட்டில் இல்லை. புதினாவுக்குப் பாக்டீரியா எதிர்ப்புத் திறன் உண்டு என்று அறிக்கையில் எழுதலாமா?

நுண்ணோக்கி:
வெறும் எத்தனால் ஊற்றிய குழி அதே தட்டில் இருந்ததா? எத்தனாலே கிருமிநாசினி என்பதால், அந்தக் குழி இல்லாத வரை வளையம் இலையால் வந்ததா கரைப்பானால் வந்ததா என்று சொல்ல இயலாது. சாற்றை 6 மி.மீ. தாள் வில்லையில் ஏற்றி, எத்தனால் ஆவியான பிறகு வைப்பது நல்லது. பாக்டீரியாக் கலவையும் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை வைத்து அடர்த்தியைக் குறிக்கும் அளவுகோல்) அளவில், அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி செல்கள் என்ற அடர்த்தியில் இருக்க வேண்டும்.

மூலிகை வேதியியல்:
வில்லையை உலர்த்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. எத்தனாலோடு புதினாவின் எண்ணெயும் ஓரளவு ஆவியாகிவிடும். நம் சந்தைப் புதினா பெரும்பாலும் மெந்தா ஸ்பைகேட்டா. அதன் எண்ணெயில் பொதுவாக மேலோங்கி இருப்பது கார்வோன் என்ற மணப்பொருள். (மென்தால் மிகுந்தவை வேறு புதினா வகைகள், மாணவர் அறிக்கைகள் பல இங்கேதான் தடுமாறுகின்றன.) கார்வோன் நீரில் மிகக் குறைவாகவே கரையும், அதிலும் திறந்த பாத்திரத்தில் கொதித்தால் ஆவியோடு போய்விடும் என்பதால், நீர்ச் சாறு பலன் தராததில் வியப்பில்லை. துறையில் கிளெவெஞ்சர் கருவி (இலையின் எண்ணெயை நீராவியோடு வடித்தெடுக்கும் கண்ணாடிக் கருவி) இருந்தால் எண்ணெயையே வடித்துச் சோதியுங்கள். ஈ. கோலை கிராம்-நெகட்டிவ் வகை, அதாவது செல் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு கொண்டது. அதன் வெளிச்சவ்வு இத்தகைய பொருள்கள் உள்ளே நுழைவதைப் பெரிதும் தடுக்கிறது.

இளநிலை மாணவி:
மிக்க நன்றி. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லையின் வளையத்தோடு ஒப்பிட்டு, இத்தனை சதவீதத் திறன் என்று குறிப்பிடலாமா?

நுண்ணோக்கி:
கூடாது. வளையத்தின் அகலம், பொருளின் வீரியத்தை மட்டுமல்லாமல், அது அகாரில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. எண்ணெய்ப் பொருள்கள் அதில் சரியாகப் பரவுவதில்லை. ஜென்டாமைசின் வில்லை உங்கள் தட்டும் பாக்டீரியாவும் ஒழுங்காக இருக்கின்றன என்பதற்குச் சான்று, அவ்வளவே. எண் வேண்டுமென்றால், திரவ ஊடகத்தில் சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறியுங்கள். கரைப்பான் குழியில் வளையம் வராவிட்டால், "இந்த எத்தனால் சாறு, இந்தச் செறிவில், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் வளர்ச்சியைத் தடுத்தது" என்று எழுதலாம். புதினாத் துவையல் கிருமியைக் கொல்லும் என்று எழுத இந்தச் சோதனை இடம் தராது.