சத்தமே வராம வீட்டுல பலம் ஏத்த வழி இருக்கா?

மாடிப்படி:
வயசு 41. பெரம்பூர்ல முதல் மாடி, ஒரே ஒரு படுக்கையறை. கட்டில், பீரோ போக எனக்கு மிஞ்சுறது ஒரு பாய் விரிக்கிற இடம்தான். மைக்ரேன் வந்ததுலேர்ந்து காது ரொம்பக் கூசுது. எவர்சில்வர் தட்டு கீழ விழுந்தா பல்லு வேர் வரைக்கும் சுருக்குனு இறங்கும். ஜிம்முக்கு மூணு நாள் போனேன். பாட்டைக்கூடப் பொறுத்துக்கிட்டேன், இரும்பு மோதுற சத்தம்தான் தாங்கல. வீட்டுக்குன்னு வாங்கின டம்பெல்லும் ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் ‘கிணிங்’குது. கீழ்வீட்டுல கைக்குழந்தை வேற இருக்கு. ஆனா பலம் வேணும். போன மாசம் நிறைஞ்ச சிலிண்டரை நகர்த்த முடியாம அப்படியே உட்கார்ந்துட்டேன்.

கர்லாக்கட்டை:
தங்கச்சி, இரும்பை விடும்மா. பஸ்கி எடு, ஆனா மெதுவா. அஞ்சு எண்ணி இறங்கு, கீழ மூணு எண்ணி நில்லு, மூணு எண்ணி ஏறு. எட்டாவது தடவையில தொடை தானா நடுங்கும். குதிக்கிற பயிற்சி எதுவும் வேண்டாம், அதிர்வு தளம் வழியாத்தான் கீழ்வீட்டுக்குப் போகும். தண்டால் தரையில வரலேன்னா சுவத்துல கை ஊனி ஆரம்பி.

எடைக்கு மணல். நல்லா காயவெச்சு, பழைய ஜீன்ஸ் கால் ஒண்ணுல அடைச்சு ரெண்டு முனையும் தைச்சிடு. இறுக்கமா அடைக்கணும், இல்லேன்னா சரசரங்கும். தண்ணி பாட்டில் வேண்டாம், சளக்சளக்னு உயிரை வாங்கும். இறக்கி வைக்க மடிச்ச ஜமுக்காளம் போதும்.

இயன்முறை:
நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுக்கும் வேலை வேணுங்க. காலை நீட்டி உட்கார்ந்து, உடற்பயிற்சிக்குன்னு விக்கிற நீளமான ரப்பர் பட்டையைப் பாதத்துல மாட்டி வயித்துப் பக்கம் இழுங்க. வெறுங்கால்ல ரப்பர் கிறீச்சிடும், சாக்ஸ் போட்டுக்கோங்க. வாரத்துல ரெண்டு மூணு நாள் போதும்.

முக்கியமா, மூச்சை அடக்கி முக்காதீங்க. அதுவே சிலருக்குத் தலைவலியைக் கிளப்பும். தூக்கும்போது மூச்சை வெளிய விடுங்க. தலை வெடிக்கிற மாதிரி திடீர்னு வலி வந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். காதுல பஞ்சோ பிளக்கோ நாள் முழுக்க வெச்சிருக்காதீங்க, கூச்சம் இன்னும் கூடும். சிலிண்டர் மாத்துற நேரம் மாதிரி சத்தத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க. இந்தக் கூச்சத்தை ஒருதடவை காது டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க.

மாடிப்படி:
ஆறு வாரம் ஆச்சு. வீட்டுக்காரர் ஜீன்ஸ்ல 6 கிலோவுல ஆரம்பிச்சேன், இப்ப 9. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இறங்குறேன். கீழ நிக்கிற அந்த மூணு எண்ணிக்கையில ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது. மூச்சு விஷயம் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க, நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் தூக்கிட்டிருந்தேன். நேத்து சிலிண்டரை இடுப்பைப் பின்னாடி தள்ளி, முதுகு வளையாம, உருட்டாமலேயே நகர்த்தி வெச்சேன்.

அண்ணா, ஒரு சந்தேகம். தையல் ஓரத்துல மணல் கசியுது. உள்ள பிளாஸ்டிக் பை போடலாமா?

கர்லாக்கட்டை:
பிளாஸ்டிக் மொறுமொறுங்கும்மா, உன் காதுக்கு ஆகாது. பழைய பருத்தித் தலையணை உறையில மணலைக் கட்டி உள்ள விடு. ஓரத்தை மடிச்சு ரெண்டு வரிசை தையல் போடு.