டேப்லெட் வாங்கணும், 64 ஜிபி போதுமா 128 வேணுமா? அவசரம்

பவானிக்கரை | காலை 10:12
வணக்கம். டேப் வாங்க கடைல நிக்கிறேன். 64 போதுமா, 128 எடுக்கணுமா? நாலாயிரம் ரூபா வித்தியாசம் வருது. 64 எடுத்துட்டு மெமரி கார்டு போட்டுக்கோங்கன்னு கடைல சொல்றாங்க. ஆஃபர் இன்னைக்கு மட்டுந்தானாம். படிக்கறதுக்குத்தான், கேம் எல்லாம் கிடையாது. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

நிலாச்சோறு | 10:15
எந்த மாடல்? ரேம் எவ்வளவு? யாருக்கு, என்ன ஆப்? படிக்கன்னா பிடிஎஃப் மட்டுமா, வீடியோ கிளாஸ் டவுன்லோடும் உண்டா? இது தெரியாம யாராலயும் பதில் சொல்ல முடியாதுங்க.

வெள்ளைப்பலகை | 10:17
படிப்புக்குன்னா ஐபேட் பாருங்க. 2025-ல வந்த ஏ16 ஐபேட்ல ஆரம்பமே 128 ஜிபிதான், 64ன்னு ஒண்ணு இல்லவே இல்ல. இந்தக் குழப்பமே வராது.

மெமரிமணி | 10:19
ஐபேட்ல கார்டு ஸ்லாட் கிடையாது, அதையும் சேர்த்து சொல்லுங்க. வாங்கின அளவுதான் கடைசி வரைக்கும். அவர் பட்ஜெட்டே இன்னும் சொல்லல.

தொழில்நுட்பன் | 10:24
இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. கடைக்குள் நுழைவதற்கு முன்பு யோசிக்க வேண்டியதைக் கடையில் நின்றுகொண்டு கேட்கிறார்கள். ஸ்டோரேஜ் வேறு, ரேம் வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 64, 128 என்பதெல்லாம் ஸ்டோரேஜ், ஃபைல்களைச் சேமித்து வைக்கும் இடம்; ரேம் என்பது ஆப் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக இடம். அதைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள், ரேமைக் குறிப்பிடவே இல்லை. பெரும்பாலான மாடல்களில் இரண்டும் சேர்ந்துதான் மாறும். 64-க்கு 4 ஜிபி ரேம் இருந்தால் 128-க்கு 6 அல்லது 8 இருக்கும்.

இன்னொன்று. பெட்டியில் 64 ஜிபி என்று போட்டிருந்தால் அது 6400 கோடி பைட். 1024 கணக்கில் எண்ணினால் 59.6தான் வரும். 128 என்பது 119.2. இதைக் கூடக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

நிலாச்சோறு | 10:27
அதுல ஒரு பைட்டும் தொலையலைங்க, எண்ணுற அளவுகோல்தான் வேற. நிஜமாவே போற இடம் சிஸ்டம். ஆண்ட்ராய்டு, அதுக்கு மேல கம்பெனியோட சொந்த ஆப்புகள், எல்லாம் சேர்ந்து முதல் நாளே கிட்டத்தட்ட 20 ஜிபி எடுத்துக்கும். பவானிக்கரை, கடைல டெமோ பீஸ் இருந்தா செட்டிங்ஸ்ல டிவைஸ் கேர், ஸ்டோரேஜ் திறந்து சிஸ்டம்ங்கற வரியைப் பாருங்க. அதான் உண்மையான கணக்கு.

பவானிக்கரை | 10:31
சாம்சங் டேப் ஏ9 பிளஸ். தங்கச்சிக்கு, நீட் திரும்ப எழுதறா. கிளாஸ் ஆப் ஒண்ணு, பிடிஎஃப், யூட்யூப். எங்க ஊர்ல டவர் சரியா வராது. வாரம் ஒருக்கா அம்மாயி வீட்டுக்குப் போறப்ப அங்க வைஃபைல மொத்தமா இறக்கிட்டு வருவா.

மெமரிமணி | 10:33
இதைத்தாங்க முதல்லயே சொல்லியிருக்கணும். வாரம் ஒருக்கா மொத்தமா இறக்கறதுன்னா விஷயமே வேற. அந்த மாடல்ல 4/64 (ரேம் 4, ஸ்டோரேஜ் 64), 8/128 ரெண்டும் உண்டு. நீங்க பாக்கறது இந்த ரெண்டும்தானா? ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ், ஒண்ணு எவ்வளவு நேரம்?

பவானிக்கரை | 10:34
ஆமா அதே ரெண்டுதான். நாலு கிளாஸ், ஒண்ணரை மணி நேரம். ஞாயிறு லீவு.

மெமரிமணி | 10:41
சரி, கணக்கு போட்டுடலாம். வீடியோவுக்கு ஒரு எம்பிபிஎஸ் (வினாடிக்கு ஒரு மெகாபிட்) பிட்ரேட்னா மணிக்கு 450 எம்பி. இதை மனசுல வச்சுக்கிட்டா எந்த வீடியோவுக்கும் போடலாம். போர்டு கிளாஸ்ல படம் அதிகம் அசையாது, அதனால 720பி-க்கு 0.8 எம்பிபிஎஸ்னு எடுத்துப்போம். மணிக்கு 360, ஒரு கிளாஸுக்கு 540 எம்பி. வாரம் 24 கிளாஸ், கிட்டத்தட்ட 13 ஜிபி.

64 மாடல்: சிஸ்டம் 20, ஆப்பும் அதுங்களோட டேட்டாவும் 8, காலியா விட வேண்டியது 6. மிச்சம் 30. ரெண்டு வாரக் கிளாஸ் வச்சா நிரம்பிடும், பிடிஎஃப் இன்னும் கணக்குலயே வரல.
128 மாடல்: அதே மாதிரி கழிச்சா மிச்சம் 94 வரைக்கும் வரும். ஏழு வாரக் கிளாஸ் தாங்கும்.

ரிவிஷனுக்குப் பழைய கிளாஸைத் திரும்பப் பாக்கணும்னா 64 கஷ்டம். பாத்ததும் அழிச்சுடுவான்னா ஓடும். 480பி-ல இறக்கினா சைஸ் பாதியாகும், ஆனா கெமிஸ்ட்ரில சப்ஸ்கிரிப்ட் எழுத்து மங்கும்.

காலியா விடறது எதுக்குன்னு கேட்டா: ஆப் அப்டேட் ஆகும்போது புதுசை இறக்கிப் பிரிச்சு வைக்க தற்காலிகமா இடம் வேணும். ஃப்ளாஷ் மெமரியும் (ஸ்டோரேஜ் சிப்) பழைய பிளாக்கை அழிச்சு அடுக்க காலி இடம் கேக்கும். 90 சதவீதத்தைத் தாண்டினா எழுதற வேகம் கண்ணுக்குத் தெரியற மாதிரி குறையும்.

சர்வீஸ்டேபிள் | 10:44
கார்டு போட்டுக்கோங்கன்னு கடைல சொன்னதுல பாதிதான் உண்மை. கார்டு எடுக்கும், ஆனா கிளாஸ் ஆப் அதுல எழுத விடணுமே! கோச்சிங் ஆப்புல நிறைய, வீடியோவை என்க்ரிப்ட் பண்ணி (வேற ஆப் படிக்க முடியாதபடி பூட்டி) தன்னோட சொந்த ஃபோல்டருக்குள்ள, உள் ஸ்டோரேஜ்லதான் வைக்கும். ஃபைல் மேனேஜர்ல போய் கார்டுக்கு நகர்த்தினாலும் ஆப்புக்கு அது தெரியாது, ஓடாது.

உங்க போன்லயே இப்ப பாத்துடலாம். கிளாஸ் ஆப்பைத் திறந்து செட்டிங்ஸ்ல டவுன்லோட் லொகேஷன், இல்லன்னா எஸ்டி கார்டுன்னு ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க. அப்புறம் போன் செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், ஸ்டோரேஜ். அதுல டேட்டா எவ்வளவுன்னு குறிச்சுக்கோங்க. ஒரே ஒரு கிளாஸ் இறக்கிட்டுத் திரும்ப அதே பக்கம் போங்க. எத்தனை எம்பி கூடியிருக்கோ அதான் ஒரு கிளாஸோட நிஜ சைஸ். மணி சொன்ன 540-ஐ அழிச்சுட்டு இதைப் போட்டுக்கோங்க.

பவானிக்கரை | 10:46
சரிங்க பாக்குறேன்.

தென்றல்_23 | 10:52
நெட்ஃப்ளிக்ஸ், யூட்யூப் ரெண்டுலயும் கார்டுக்கு இறக்கற ஆப்ஷன் இருக்கே? இதுலயும் இருக்கும். 4/64 வாங்கி 256 கார்டு போட்டா மலிவா முடிஞ்சுடும்.

சர்வீஸ்டேபிள் | 10:58
அந்த ரெண்டுலயும் இருக்கு, உண்மைதான். அது ஆப் எழுதினவங்க கொடுத்தது, ஆண்ட்ராய்டு தானா கொடுக்கறது இல்ல. கார்டையே உள் ஸ்டோரேஜா மாத்தற வசதி ஆண்ட்ராய்டு 6-லிருந்து இருக்கு, ஆனா சாம்சங் அதைத் தர்றதில்ல. தர்ற டேப்லயும் கார்டு அந்த டேபோட மட்டும் என்க்ரிப்ட் ஆகி ஒட்டிக்கும். கழட்டி லேப்டாப்ல போட்டா ஒண்ணும் தெரியாது, கார்டு செத்தா ஆப்பும் சேர்ந்து போயிடும்.

பிடிஎஃப், சொந்தமா எடுத்த போட்டோ, நோட்ஸ் பேக்கப் இதுக்கெல்லாம் கார்டு நல்லது. வாங்கும்போது மேல ஏ1 இல்ல ஏ2 குறி இருக்கான்னு பாருங்க. ஏ1-னா வினாடிக்குக் குறைஞ்சது 1500 ரேண்டம் ரீட் (அங்கங்க சிதறிக் கிடக்கற டேட்டாவைப் படிக்கறது), 500 ரைட் (எழுதறது). ஏ2-னா 4000, 2000. சின்னச் சின்ன ஃபைலைத் திறக்க இதுதான் முக்கியம், பாக்கெட்ல பெருசா போட்டிருக்கற எம்பி வேகம் இல்ல. போலிக் கார்டும் நிறைய சுத்துது. 256-ன்னு காட்டும், உள்ள 32தான் இருக்கும், அதைத் தாண்டினதும் ஃபைல் எல்லாம் கெட்டுப்போகும். விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்ல எஃப்3. முழுசா எழுதிப் படிச்சுப் பாத்துட்டு அப்புறம் பயன்படுத்துங்க.

வெள்ளைப்பலகை | 11:03
எல்லாரும் ஸ்டோரேஜையே பேசறீங்க. ரேம்? ஐபேட்ல கம்மி ரேமே போதும், ஐபேட்ஓஎஸ் நல்லா சமாளிக்கும்.

மெமரிமணி | 11:09
ரேம்தான் இங்க பெரிய விஷயம்ங்கறது சரி. ஸ்டோரேஜ் பத்தலைன்னா அழிக்கலாம், கார்டு போடலாம், லேப்டாப்புக்கு மாத்தலாம். ரேமை அப்புறம் கூட்ட வழியே இல்ல, மதர்போர்டுல சால்டர் பண்ணியிருக்கும்.

4 ஜிபி டேப்ல சிஸ்டமே பாதிக்கு மேல எடுத்துக்கும், மிச்சம் ஒண்ணரை ஜிபி சுமாருக்குத்தான் ஆப்புக்கு. தங்கச்சி ஸ்கேன் பண்ணின புக்கைத் திறக்கறா. ஏ4 பக்கம், 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி): 2480க்கு 3508 பிக்சல், ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஃபைல்ல அந்தப் பக்கம் 500 கேபியா இருந்தாலும் ரேம்ல விரிஞ்சா 35 எம்பி. ரீடர் முன் பக்கம் பின் பக்கத்தையும் தயாரா வச்சுக்கும், அப்ப 105. பக்கத்துல ஸ்ப்ளிட் ஸ்க்ரீன்ல கிளாஸ் ஓடுது, பின்னாடி ப்ரவுசர்ல நாலு வெப் பக்கம் திறந்திருக்கு. இடம் பத்தலைன்னதும் ஆண்ட்ராய்டு திரைல தெரியாத ஆப்பைத்தான் முதல்ல கொல்லும். ப்ரவுசருக்குத் திரும்பினா பக்கம் மறுபடி லோட் ஆகும், அவங்க ஊர்லதான் நெட்டே இல்லையே! பாதி எழுதின மாக் டெஸ்ட் ஆப் முதல்லருந்து ஆரம்பிக்கறதும் இதனாலதான்.

தொழில்நுட்பன் | 11:15
4 ஜிபி மாடலில் ரேம் பிளஸ் வசதியை இயக்கிக்கொண்டால் போதும். ஸ்டோரேஜிலிருந்து 4 ஜிபியை ரேமாக எடுத்துக்கொள்ளும். அடிப்படை தெரியாதவர்களைத் தேவையில்லாமல் பயமுறுத்தாதீர்கள்.

மெமரிமணி | 11:21
அது ரேம் ஆகாதுங்க. பயன்படாம கிடக்கற ரேம் பக்கங்களை (டேட்டா துண்டுகளை) ஃப்ளாஷுக்குத் தள்ளி வைக்கற இடம் அது. மலிவான டேப்கள்ல வர்ற ஃப்ளாஷ் வகை ஈஎம்எம்சி 5.1-ஓட உச்ச வேகமே வினாடிக்கு 400 எம்பி, அதுவும் ஒரே நேரத்துல ஒரு பக்கம்தான், படிக்கறது இல்லன்னா எழுதறது. ரேம் வினாடிக்கு 10 ஜிபிக்கு மேல போகும். அதுபோக அந்த 4 ஜிபி, ஏற்கெனவே பத்தாத 64-லருந்துதான் போகுது. மேல போட்ட 30 ஜிபி கணக்கு 26 ஆயிடும்.

தொழில்நுட்பன் | 11:26
பின்னணியில் சும்மா கிடக்கும் ஆப்பைக் கொல்லாமல் வைத்திருக்க அது போதுமே. எல்லா நேரமும் ரேம் வேகம் தேவையில்லை. ஆண்ட்ராய்டு முதலில் இசட்ரேமில் (ரேமுக்குள்ளேயே ஒதுக்கிய இடம்) சுருக்கி வைத்துவிட்டுப் பிறகுதான் ஃப்ளாஷுக்குப் போகிறது. இது தெரியாமல் வாதம் செய்ய வேண்டாம்.

வெள்ளைப்பலகை | 11:30
ஐபேட்ஓஎஸ் 16-லயே ஸ்வாப் (ஸ்டோரேஜை ரேமுக்குத் துணையா எடுக்கறது) வந்தாச்சு.

நிலாச்சோறு | 11:34
ஆப்பிளோட எம்1 சிப் இருந்தாத்தான் வந்துச்சு. எம்1 ஐபேட் ஏர்லயும் 256 மாடலுக்கு மட்டும், 64-க்கு இல்ல. ஸ்வாப்புக்குக் கூட ஸ்டோரேஜ் அளவு வேணும்னு ஆப்பிளே வச்ச கணக்கு அது. தொழில்நுட்பன் சொல்றதுல ஒரு பாதி சரி: சும்மா கிடக்கற ஆப்பைக் காப்பாத்த ரேம் பிளஸ் உதவும். ஸ்ப்ளிட் ஸ்க்ரீன்ல ரெண்டு ஆப்பும் விழிச்சிருக்கறப்ப உதவாது, அங்க நிஜ ரேம்தான். அவங்க தங்கச்சி செய்யப்போறதே அதான். கொஞ்சம் அவரோட கேள்விக்கு வருவோமா?

பவானிக்கரை, இன்னொண்ணு. கைல எழுதி நோட்ஸ் எடுப்பாங்களா? ஏ9 பிளஸ்ல சாம்சங்கோட எஸ் பென் பேனா வேலை செய்யாது. ரப்பர் முனை ஸ்டைலஸ் போட்டா விரலால எழுதற மாதிரிதான் இருக்கும், பயாலஜி படம் வரைய ஆகாது. எழுதறதுதான் முக்கியம்னா டேப் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ ரெண்டுலயும் பேனா பெட்டியோடயே வரும், கார்டும் போடலாம். எஃப்இ-ல 6/128-லருந்து ஆரம்பம், விலை கூட.

பவானிக்கரை | 11:52
ஆப்ல பாத்தேன், டவுன்லோட் லொகேஷன்னு எதுவுமே இல்ல. ஒரு கிளாஸ் 610 எம்பி வந்துச்சு. அப்ப 8/128 எடுத்துடறேன். பேனா வேண்டாம், அவ நோட்லதான் எழுதுவா. பில் போடறாங்க.

மெமரிமணி | 11:54
610-னா வாரம் 14.6 ஜிபி. 94-ல ஆறு வாரம் தாராளமா நிக்கும். சரியான முடிவு.

சர்வீஸ்டேபிள் | 11:55
பில்லுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்! வைஃபை மாடல்னா 4/64, 8/128 ரெண்டுக்கும் மாடல் எண் எஸ்எம்-எக்ஸ்210ன்னே ஆரம்பிக்கும், வெளித்தோற்றமும் ஒண்ணு. பெட்டி ஓரத்து ஸ்டிக்கர்ல ரேமும் ஸ்டோரேஜும் பாத்துட்டு, பில்லுலயும் 8/128-ன்னு எழுதச் சொல்லுங்க. சிம் போடற மாதிரி வேணும்னா அது எக்ஸ்216.

நிலாச்சோறு | மதியம் 12:10
வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது. வாட்ஸ்அப்பை டேப்ல இணைச்சா ஆட்டோ டவுன்லோடை முழுசா நிறுத்திடுங்க, செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாக்குள்ள இருக்கு. சாம்சங் நோட்ஸ்ல பிடிஎஃப் இறக்கிக் கோடு போட்டா அது தனிக் காப்பி எடுத்துக்கும், டவுன்லோட்ஸ்ல இருக்கற ஒரிஜினல் அப்படியே கிடக்கும். 200 எம்பி புக்கு 400 ஆயிடும், ஒரிஜினலைக் கார்டுக்கு மாத்திடுங்க. மை ஃபைல்ஸ்ல அழிச்சது 30 நாள் ட்ராஷ்ல உக்காந்திருக்கும், இடம் உடனே வராது. கிளாஸ் வீடியோவை அழிக்கணும்னா ஆப்புக்குள்ளயே போய் அழிங்க. ஆப்பையே அன்இன்ஸ்டால் பண்ணினா இறக்கின மொத்த கிளாஸும் போயிடும், திரும்ப அம்மாயி வீட்டுக்குத்தான் போகணும்.

பவானிக்கரை | மாலை 6:40
வாங்கியாச்சு. ஸ்டிக்கர் பாத்துத்தான் வாங்கினேன். நன்றிங்க எல்லாருக்கும்.

தென்றல்_23 | 7:05
கார்டு எடுத்தீங்களா? எத்தனை ஜிபி?

தொழில்நுட்பன் | 8:20
மெமரிமணி, இசட்ரேம் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மெமரிமணி | 8:47
இசட்ரேமும் அதே ரேமுக்குள்ள இருக்கற இடம்தாங்க. 4 ஜிபிக்குள்ள 2 ஜிபி அளவு பக்கங்களைச் சுருக்கினா, ரெண்டுல ஒண்ணா சுருங்கும்னு வச்சுக்கிட்டாலும் மிச்சமாகறது 1 ஜிபி. திரும்ப விரிக்க ப்ராசஸர் வேலை செய்யணும், பேட்டரியும் போகும். 8 ஜிபி டேப்லயும் அதே இசட்ரேம் இருக்கு, அங்க அது எப்பவாச்சும்தான் தேவைப்படும். வேற கேக்கணும்னா தனி இழை போடுங்க, இவருக்கு வேண்டியது கிடைச்சாச்சு.