பெத்தாவின் உள்ளங்காலில் கறுப்புத் திட்டு: போன் செயலியை நம்பலாமா?

படுவான்கரையான்:
பெத்தாவின் (பாட்டியின்) வலது குதிக்காலுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகமளவு கறுப்புத் திட்டு. வட்டையில் (வயலில்) வெறுங்காலோடு நடந்த கால், யாரும் கவனிக்கவில்லை. தோல் புற்றுநோய் ஆபத்தைச் சொல்லும் போன் செயலியில் படமெடுத்தேன். ‘ஆபத்துக் குறைவு’ என்று வந்தது. கிளினிக் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 129,450 படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி, 21 தோல் வைத்தியர்களுக்கு நிகராகத் தோல் புற்றுநோயைக் கண்டுபிடித்ததே. பிறகென்ன?

கல்முனைக் காக்கா:
தம்பி, அது ஆய்வுக்கூடத்துக் கணினி. உங்கள் போனில் இருப்பது வேறு. 2022இல் ஸ்டான்போர்ட்காரர்களே பல நிறத் தோல்களின் 656 படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கறுத்த தோலில் இந்தக் கருவிகள் தடுமாறின. நம்மைப் போன்ற தோலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். பாடகர் பொப் மார்லிக்கும் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது.
வைத்தியர் டெர்மோஸ்கோப் என்ற, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்து, பாதத்து ரேகைகளின் மேட்டில் கருமை ஓடுகிறதா, பள்ளத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பார். மேட்டில் ஓடினால் சந்தேகம். போன் படத்தில் அது எங்கே தெரியப் போகிறது?

கல்லடித் தாதி:
பெத்தா என்ன சாப்பிடுகிறா என்று இரண்டு பேரும் கேட்கவில்லையே. மீன், இறைச்சியில் கிடைக்கும் விற்றமின் பி12 குறைந்தாலும் விரல் மூட்டு, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் கறுக்கும். நியாசின் (விற்றமின் பி3) குறைந்தால் வெயில் படும் கையும் கழுத்தும் கறுத்துத் தடிக்கும். காசநோய்க்கு ஐசோனியசிட் மருந்து குடிப்பவர்களுக்கும் அது வரலாம். வெயிலில் கறுத்தது என்று விட்டுவிடுவார்கள்.

படுவான்கரையான்:
பெத்தா மீன், இறைச்சி சாப்பிட்டுப் பத்து வருசம் அக்கா. அப்போ சத்துக் குறைவுதான். ஊசி போட்டால் சரிதானே?

கல்லடித் தாதி:
அவசரப்படாதீங்க தம்பி. சத்துக் குறைவு பெரும்பாலும் இரண்டு பக்கமும் காட்டும். இடது காலைப் பார்த்தீங்களா?

படுவான்கரையான்:
இப்போதுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இடது கால் சுத்தம். கையும் சுத்தம். வலது காலில் மட்டும்தான், ஓரம் ஒரு பக்கம் மை ஊறியது போல இருக்கு. திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன். ஆனால் காக்கா, செயலி வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். படமெடுக்கத் தொடங்கியதால்தானே அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தேன்.

கல்முனைக் காக்கா:
படம் எடுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் அடிமட்டம் (அளவுகோல்) வைத்து எடுத்து வைத்தியரிடம் காட்டுங்க. தீர்ப்பை மட்டும் செயலியிடம் கேட்காதீங்க. பி12 இரத்தப் பரிசோதனையும் செய்யலாமா என்று அங்கேயே கேளுங்க.