ஓப்பன்சிவியை (கேமராப் படங்களை ஆராயும் இலவச லைப்ரரி) சோர்ஸில் இருந்து, அதாவது மூல நிரலில் இருந்து கம்பைல் செய்தவர்கள், உங்களுக்கு என்ன ஆச்சு?

கொலுசுப்பட்டறை:
செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்தவர் பட்டறை. கொலுசில் முத்து விட்டுப்போயிருக்கிறதா என்று கேமரா வைத்துப் பார்க்கணும். பிப்பில் (பைதான் பேக்கேஜ் இன்ஸ்டாலர்) ரெடியாக வரும் ஓப்பன்சிவியில் ஜிஸ்ட்ரீமர் (வீடியோவை வாங்கித்தரும் மென்பொருள்) இல்லை, அந்த கேமராவுக்கு அது கட்டாயம். அதனால் சோர்ஸ்தான். மேக் (கம்பைல் வேலையை நடத்தும் கமாண்ட்) 96 சதவீதத்தில் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரும் என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு மறுபடி மேக் கொடுத்தேன். தொடரவும் செய்தது. கம்பைல் ஆன துண்டுகளான .ஓ ஃபைல்களைச் சேர்த்து லிங்க் பண்ணும் இடத்தில் ஒரு .ஓ ஃபைலின் பெயரைப் போட்டு ‘ஃபைல் நாட் ரெகக்னைஸ்டு’ என்று நின்றது. பட்டியல் எடுத்துப் பார்த்தால் அந்த ஃபைலின் அளவு 0. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை! கன்ட்ரோல்-சி அடித்தால் அரைகுறை ஃபைலை மேக்கே அழித்துவிடும். கரண்ட் போனால் அதற்கு ஏது நேரம்? டிஸ்க்கில் எழுதுவதற்குள் எல்லாம் முடிந்தது. அப்புறம் மேக், சோர்ஸ் ஃபைலான .சிபிபி-யை விட .ஓ புதியதா என்று தேதியைத்தான் பார்க்கும், புதியது என்றால் வேலை ஆச்சு என்று நகர்ந்துவிடும்.

இதைப் பட்டறைக்காரருக்கு விளக்கினேன். "ஏனுங்க தம்பி, தேதிய மட்டும் பாத்து ஒத்துக்குமுங்களா? எங்க பட்டறைல எடை போடாம ஒரு உருப்படிய உள்ள வாங்க மாட்டோமுங்க" என்றார். 0 பைட் ஃபைல்களைத் தேடி அழித்ததும் பில்டு முடிந்தது, ஆனால் அவருக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

சேர்வராயன்மலை:
முதலில் ஒரு யூபிஎஸ் வாங்குங்க பாஸ். கரண்ட் போனதற்கு மேக் என்ன செய்யும்?

எனக்கு ஏற்காட்டில், எஸ்டேட் ஆபீஸில் இருக்கும் 4 ஜிபி டெஸ்க்டாப். மேலே சிக்னலை நம்ப முடியாது என்று சேலத்திலேயே சோர்ஸை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால், சிமேக் (மேக்குக்கு முன் பில்டை அமைக்கும் கருவி) ஓடும்போதே ஐபிபிஐசிவியை (இன்டெல்லின் வேகம் கூட்டும் லைப்ரரி) நெட்டில் இருந்து இழுக்கப் பார்க்கிறது. மழை, டவர் இல்லை. பாதி இறங்கிய ஃபைல், ஹேஷ் (ஃபைல் முழுசா என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை என்று திட்டு. அதை ஆஃப் செய்துவிட்டு மேக் மைனஸ் ஜே கொடுத்தேன், பின்னால் எண் போடாமல். எண் இல்லையென்றால் எத்தனை வேலையை வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் தொடங்கும். மவுஸ் அம்பு நின்றது. கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்குகூட மாறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ‘கில்டு’ என்று ஒரே சொல். மெமரி போதாமல் கம்பைலரையே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் தீர்த்துக்கட்டியிருக்கிறது. அந்தச் சொல்லைப் பார்த்தபோது வந்த கடுப்பு இருக்கே!

ஜங்ஷன்ரோடு:
நான் செய்தது டெசராக்ட், தமிழ் ஓசிஆருக்காக (படத்தில் உள்ள எழுத்தை டெக்ஸ்ட் ஆக்குவது). இன்ஸ்டால் முடித்து வெர்ஷன் கேட்டால் பழைய எண்ணையே சொன்னது. எல்டிகான்ஃபிக் (சிஸ்டத்தின் லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் கமாண்ட்) கொடுத்ததும் சரியாச்சு. அவ்வளவுதான்.

உங்கள் இருவருக்கும் சொல்கிறேன். டெஸ்ட், பெர்ஃப் டெஸ்ட் (வேகச் சோதனை) இரண்டையும் சிமேக்கிலேயே ஆஃப் பண்ணுங்கள், நிறைய நேரம் அதில் போகிறது. பில்டு லிஸ்ட்டில் தேவையான மாட்யூல்களை மட்டும் கொடுங்கள். 4 ஜிபி மெஷினில் ஜே 2-க்கு மேல் போகாதீர்கள், ஸ்வாப் ஃபைல் (மெமரி போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) ஒன்று போட்டு வையுங்கள். சிகேஷ் வைத்தால் மறுபடி கம்பைல் செய்யும்போது முன்பு முடிந்தவை நொடியில் வரும். சுடோ (அட்மின் அதிகாரம்) போட்டு மேக் ஓட்டவே கூடாது, இன்ஸ்டாலுக்கு மட்டும்தான். அதையும் ஹோமில் ஒரு ஃபோல்டரை ப்ரிஃபிக்ஸாக (இன்ஸ்டால் ஆகும் இடமாக) கொடுத்தால் தவிர்க்கலாம். அப்புறம், சிஃப்ட்டுக்காக (படத்தில் பொருத்தும் புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் முறை) கான்ட்ரிப் என்ற கூடுதல் மாட்யூல்களைச் சேர்த்தீர்கள் என்றால் வேண்டாத வேலை. 2020-இல் காப்புரிமை முடிந்து ஓப்பன்சிவி 4.4.0-இலேயே மெயினுக்கு வந்துவிட்டது.

கொலுசுப்பட்டறை:
சார், சிஃப்ட் என்று நான் எங்கே சொன்னேன்? ஜிஸ்ட்ரீமர் என்றுதானே எழுதியிருக்கிறேன். சிகேஷ் மட்டும் போட்டுப் பார்க்கிறேன், நன்றி.

தட்டுவடைசெட்:
நீங்கள் எல்லாம் பில்டு நடுவில் மாட்டியவர்கள். எனக்கு 100 சதவீதம், ஒரு எரர் இல்லை. அஸ்தம்பட்டியில் கஸ்டமர் வீட்டு ஹாலில், குடும்பமே பார்த்துக்கொண்டிருக்க, ஐஎம்ஷோ (படத்தை விண்டோவில் காட்டும் கமாண்ட்) கொடுத்தேன். விண்டோ வரவில்லை. இந்த வசதி இல்லை, ஜிடிகே (விண்டோ காட்டும் லைப்ரரி) சேர்த்து லைப்ரரியை ‘ரீபில்டு’ பண்ணு என்கிறது. சிமேக் முடிவில் காட்டிய நீளப் பட்டியலில் ஜிடிகேக்கு நேராக ‘நோ’ என்று இருந்ததாம். அத்தனை வரியை யார் படிப்பது? வீட்டுக்கார அம்மா "காபி குடிங்க தம்பி, மெதுவாப் பண்ணுங்க" என்றார்கள். ஜிடிகேயின் டெவ் பேக்கேஜையும், அதை சிமேக்குக்குக் காட்டிக்கொடுக்கும் பிகேஜி-கான்ஃபிக்கையும் போட்டு மறுபடி சிமேக்.

சேர்வராயன்மலை:
அதற்கு இம்ரைட் போட்டு படமாகச் சேமித்துக் காட்டியிருக்கலாமே, ரீபில்டு எதற்கு?

தட்டுவடைசெட்:
அவர்களுக்கு லைவ் வீடியோ வேணும் பாஸ். வாசல் கேமரா.