ஸ்ப்ளைனுக்கு தமிழ்ல என்ன போட? திங்கக்கிழமைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஐடிஐ பிள்ளைகளுக்கு மண்ணு தோண்டுற பழைய பேக்ஹோ வண்டி ரிப்பேர் பத்தி ஒரு கையேடு எழுதிட்டு இருக்கேன், திங்கக்கிழமை அச்சுக்கு குடுக்கணும். ஹைட்ராலிக் பம்ப் டிரைவ் பாடத்துல ஒரே சொல்லுல மாட்டிக்கிட்டேன், ஸ்ப்ளைன். பம்ப் ஷாஃப்டுல நீளவாக்குல சுத்திவர வெட்டியிருக்குமே பல்லு, இஞ்சினோட இணைக்குற கப்ளிங்குக்குள்ள இருக்க பள்ளத்துல போய் உக்காந்து இஞ்சின் சுத்துறத பம்புக்கு கடத்துமே, அதுதான்.

போன வருசம் நாங்குநேரி பக்கம் குளம் தூர்வாரிட்டு இருந்த வண்டி ஒண்ணு, இஞ்சின் நல்லா ஓடுது, லீவர இழுத்தா பூம், அதான் மண்ணள்ளுற கை, அசையல. கழட்டிப் பாத்தா பல்லெல்லாம் கத்தி மொனையா தேஞ்சு, தேரி மண்ணு மாதிரி செவப்பா துருப்பொடி கொட்டுது. எங்கிட்ட படிச்ச பையன்தான் ரிப்பேர் பாத்தான். புது பம்ப வாங்கி பழைய கப்ளிங்லயே மாட்டிட்டான், மூணே மாசம், புது ஷாஃப்டும் போச்சு. தேஞ்ச பள்ளத்துல புதுப் பல்லு உக்காந்தா ஆடி ஆடியே அதையும் தின்னுரும், ஜோடியாத்தான் மாத்தணும்னு வகுப்புல சொல்லியிருக்கேன். ஆனா ஸ்ப்ளைன்னா அவன் மனசுல ஷாஃப்டுல இருக்க பல்லு மட்டும்தான் நிக்கு. அதனால சொல்லுலயே ரெண்டு பக்கமும் தெரியணும்னு தவிக்கேன். எனக்கு தோணினது காடிப்பல். தச்சாசாரி பலகையில எடுக்குற பள்ளம் காடிதான?
பேட்டை

தம்பி, காடின்னா புளிச்ச காடியும் உண்டு, பாத்துக்கிடுங்க. பல்லுக்கு எயிறுன்னு எவ்வளவு அழகான சொல் இருக்கு, 1121-ம் குறள்ல வாலெயிறுன்னு வருதே. அது கடினம்னா இன்னொண்ணு சொல்லுதேன். கல்லும் தூணும் சேந்து கற்றூண் ஆகுறாப்ல பல்லும் தண்டும் சேந்தா பற்றண்டு. கேக்கும்போதே பற்றுங்கிற ஓசையும் சேந்து வருதுல்லா? ஷாஃப்டு கப்ளிங்க பற்றத்தான செய்யுது. பல், பற்று, பறி எல்லாம் ஒரே வேருன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம், அத தனியா எழுதுதேன். ஒண்ணு மட்டும், ஸ்ப்ளைன்னு அப்படியே போட்டுறாதீங்க. ரெண்டு மெய் சேந்து தமிழ்ல சொல் தொடங்காது. வடசொல்லுக்கே வடவெழுத்து ஒரீஇ, அதாவது வடவெழுத்த நீக்கித்தான் எடுக்கணும்னு தொல்காப்பியர் வரம்பு கட்டியிருக்காரு.
பாளையங்கோட்டை

ஐயா, பட்டறையில பற்றண்டு எடுன்னா பற்று வரவு நோட்டத்தான் எடுத்து நீட்டுவாங்க. நம்ம ஊர்ச் சொல்லு ஒண்ணு கெடக்கு, யாருமே நெனைக்கல. கருக்கு. பனமட்டை ஓரத்துல கைய கிழிக்கும்லா, அது. கருக்கருவாளுக்கு கொல்லாசாரி கருக்கு வெட்டுறதும் அதுதான். ஷாஃப்டுல கருக்கு போயிட்டுன்னு சொன்னா எங்க பக்கம் சின்னப் பையனுக்கும் வெளங்கும். இன்னொண்ணும் கையேட்டுல எழுதுங்க அண்ணாச்சி, வெல்டு வச்சு பல்ல நெரப்பி திரும்ப வெட்டித் தாங்கன்னு கேட்டு வாராவ, அது நிக்காது. சூட்டுல ஷாஃப்டு கோணிரும், இரும்புக்கு ஏத்துன கடினம், ஹார்டனிங்கும் போயிரும். புதுசா மில்லிங் மெஷின்ல, சம பங்கா பிரிக்குற டிவைடிங் ஹெட் போட்டு வெட்டி ஹார்டனிங் குடுக்கிறதுதான் மொறை, கப்ளிங் உள்பள்ளத்துக்கு ஸ்லாட்டிங் மெஷின்.
வள்ளியூர் லேத் பட்டறை

கருக்கு நல்ல சொல்தான், ஆனா அத செரேஷனுக்கு வச்சுக்கிடுவோம், அதுதான் முக்கோணமா சின்னச் சின்னப் பல்லு. இந்த பம்ப் ஷாஃப்டுல 7/8 இன்ச்சுல 13 பல்லு இருக்கும், பல்லோட பக்கவாட்டு வளைவா. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா நாளைக்கு பிள்ளைங்கதான் கொழம்பும். என்னைக் கேட்டா ஸ்ப்ளைன்னே இருக்கட்டும், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில போய் அப்படித்தான கேக்கப் போறான். பொக்லைன் எங்கேருந்து வந்துச்சு? பிரான்ஸ் கம்பெனி பேரு, இன்னைக்கு பேப்பர்லயே பொக்லைன் இயந்திரம்னுதான் வருது. எந்த கம்பெனி பேக்ஹோவா இருந்தாலும் நம்ம ஊர்ல ஜேசிபிதான்.
தென்காசி, இப்ப பெங்களூர்

பொக்லைன் வந்துட்டுங்கிறதுக்காக வாசல முழுசா தொறந்து போட்டுறதா தம்பி? பேரு வேற, கலைச்சொல் வேற. கம்பெனி பேருக்கு பொருள் தேவையில்ல, பாடத்துல வாற சொல்லுக்கு தேவை. அந்தப் பையன் ஏமாந்ததே அதனாலதான?
பாளையங்கோட்டை

நேத்து வகுப்புல நாலு சொல்லையும் போர்டுல எழுதிப் போட்டு, எதுவும் வெளக்காம, இது எங்க இருக்கும்னு கேட்டேன். பற்றண்டுக்கு யாரும் வாய தெறக்கல. கருக்குக்கு எல்லாரும் ஷாஃப்ட காட்டினாங்க. ஸ்ப்ளைனுக்கும் ஷாஃப்டுதான். காடிப்பல்லுக்கு மட்டும் பின் பெஞ்சுல ஒருத்தன், "சார், காடி ஒண்ணுல, பல்லு ஒண்ணுலயா?"ன்னு கேட்டான். எனக்கு அது போதும். காடிப்பல்லையே அச்சுக்கு அனுப்புதேன், முதல் தடவ வாற எடத்துல பக்கத்துல ஸ்ப்ளைன்னும் போடுதேன், ஐயா பொறுத்துக்கிடணும். செரேஷன் வார எடத்துல கருக்கு.
பேட்டை

அனுப்புங்க அண்ணாச்சி, ஆனா எனக்கு மனசு ஒப்பல. காடிய தச்சாசாரிகிட்ட வாங்கலாம், கருக்க கொல்லாசாரிகிட்ட வாங்கக் கூடாதா? இரும்பு வேல ஆருடையது? நாளைக்கு முக்கூடல்லருந்து ஒரு ஷாஃப்டு வருது, நான் ஜாப் நோட்டுல 13 கருக்குன்னுதான் எழுதுவேன். கப்ளிங்கையும் கூடவே கொண்டாரச் சொல்லிட்டேன்.
வள்ளியூர் லேத் பட்டறை