வெள்ளி அயனி ஏற்றிய ஸ்லைடு மஞ்சளாகிறது, ஏன்?

கேள்வி (ஸ்லைடுபிரியன்)
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குக் கண்ணாடியில் ஒளி அலைவழி (ஒளியை உள்ளேயே அடைத்து ஓடவிடும் மெல்லிய பாதை) செய்கிறேன். சாதாரண மைக்ராஸ்கோப் ஸ்லைடுதான். சோடியம் நைட்ரேட்டில் 2 மோல் சதவீதம் சில்வர் நைட்ரேட் கலந்து, 330 டிகிரியில் உருக்கி, அரை மணி நேரம் முக்கி வைக்கிறேன். கண்ணாடியின் சோடியம் அயனி வெளியேறி வெள்ளி அயனி புகுந்தால், அந்த இடத்தில் ஒளிவிலகல் எண் ஏறி, ஒளி அதிலேயே ஓடும். கழுவிப் பார்த்தால் டீக்கடை கிளாஸ் மாதிரி மஞ்சள் ஏறியிருக்கிறது. ப்ரிசம் வழியாக ஹீலியம்-நியான் லேசரை உள்ளே விட்டால், சிவப்புக் கோடு ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் மங்கிவிடுகிறது. போன வாரம் அதே பெட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடில் கோடு கடைசிவரை ஓடியது!

வெண்குடுவை
சூடு அதிகமோ? 300-க்கு இறக்கிப் பாருங்கள்.

உலைக்காரன்
இறக்காதீர்கள். சோடியம் நைட்ரேட் உருகுவதே 308-ல்தான், ஸ்லைடு உப்புக்கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும்.

தம்பி, எந்தப் பக்கத்தில் ப்ரிசம் வைத்தீர்கள்? இப்போது பல ஸ்லைடுகள் ஃப்ளோட் கண்ணாடி, அதாவது உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்தவை. அடிப்பக்கத்தில் வெள்ளீயம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது உள்ளே வரும் வெள்ளி அயனிக்கு எலெக்ட்ரான் கொடுத்து உலோகத் துகளாக்கிவிடும். மஞ்சள் அதுதான். ஐரோப்பியத் தேவாலய ஜன்னல்களுக்கு 14-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளி பூசிச் சுட்டு இதே மஞ்சளை ஆசையாக வரவழைத்தார்கள். நமக்கோ அது தலைவலி. நானும் ஒரு மாதம் ஃபர்னஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

254 நானோமீட்டர் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள் (கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு). பால் கலங்கியதுபோல் ஒளிர்வது வெள்ளீயப் பக்கம். மறுபக்கத்தில் வேலை செய்யுங்கள்.

நிறமே வேண்டாமென்றால் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிறது. ஆனால் ஒளிவிலகல் எண் 0.01 அளவுக்குத்தான் ஏறும், வெள்ளியில் 0.1 வரை போகலாம். 1972-ல் ஜப்பானில் இசாவாவும் நாககோமேயும் முதலில் செய்தது தாலியத்தை வைத்து. அது கொடிய விஷம், பக்கத்தில் போகாதீர்கள்.

ஸ்லைடுபிரியன்
சார், அதேதான்! மூலையில் வைரப் பேனாவால் கீறி அடையாளம் வைத்துவிட்டேன். மறுபக்கத்தில் கோடு முழுக்க ஓடுகிறது. அப்புறம் அலுமினிய மாஸ்க் (வெள்ளி புகாமல் மறைக்கும் படலம்) போட்டு, நடுவில் விட்ட இடைவெளியில் 5 மைக்ரான் அகலச் சேனல் செய்தேன். சேனலின் இரு ஓரத்திலும் பழுப்புக் கோடு விழுகிறது. இங்கேயும் வெள்ளீயமா?

உலைக்காரன்
இல்லை, இந்தமுறை எலெக்ட்ரான் கொடுப்பது உங்கள் அலுமினியம். டைட்டானியம் மாஸ்க்குக்கு மாறுங்கள். கையுறை போடுகிறீர்கள்தானே? சில்வர் நைட்ரேட் பட்ட விரல் ஒரு வாரம் கறுப்பாகவே இருக்கும்.