புதுப்பிப்பு: தீபாவளிப் பயணமும் ஃப்ளூ காய்ச்சலும்

ஃப்ளூ பரவுவதால் தடுப்பூசி போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்புங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். "நாலு நாளில் ரயில், இப்போது போட்டால் பயன் உண்டா?" என்று பலர் கேட்டதால் இது.

எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரம் ஆகும். போகிற பயணத்துக்கு முகக்கவசம்தான் துணை. ஆனாலும் ஊசியைப் போட்டுவிடுங்கள், மழைக்காலம் இன்னும் மிச்சமிருக்கிறது.

என்95 முகக்கவசம் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் படியவையுங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி, இரு பக்கமும் இடைவெளி விழும். பலமாக ஊதிப் பாருங்கள்: மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் காற்று கசிகிறது. தாடி இருந்தால் விளிம்பு சரியாக ஒட்டாது.

கிளம்பும் நாளில் காய்ச்சலா? டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். பாரசிட்டமால் போட்டு அமுக்கிக்கொண்டு ஏறாதீர்கள், தயவுசெய்து; எதிர் பெர்த்தில் கைக்குழந்தை இருக்கலாம். மறுபடி கிளம்புவதற்கு முன், மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருக்க வேண்டும். கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் காய்ச்சல் வந்த அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்: ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஓசெல்டாமிவிர், அறிகுறி தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மீந்துபோன ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.